ஆலோசனை இல்லை, விற்பனை இல்லை

"இந்த உறையைக் கழட்டித் துவைக்கலாமாங்க?"

பதில் சொல்லி முடித்த பிறகுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது இம்கேவுக்கு நினைவு வந்தது.

"தாராளமா துவைக்கலாம். ஆனா சுடுதண்ணி ஆகாது, சுருங்கிடும். குஷனைத் தூக்குங்க, பின்னாடி ஜிப் இருக்கு."

கேட்ட பெண் குஷனைத் தூக்கினாள். ஜிப் இருந்தது. அவளுடைய கணவன் இம்கேவை மரியாதையோடு பார்த்தான்.

"பாத்தியா, மொதல்லயே இவங்களைக் கேட்டிருக்கலாம். இவ்வளவு நேரம் வெட்டியா சுத்தினோம்" என்றான்.

வாசலில் நின்ற காவலாளி நெஜாத்தி, சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே புகுந்து ஓடிவந்தான்.

"அக்கா, என்ன காரியம் பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"பேசிட்டீங்க!"

வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'இன்று பார்வை நாள். ஆலோசனை இல்லை, விற்பனை இல்லை.' ஞாயிறன்று கடை நடத்தக் கூடாது என்பது சட்டம். கடையில் வேலை செய்கிறவர்களும் வாரத்தில் ஒரு நாள் மூச்சுவிட வேண்டுமே. ஆனால் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்கள் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அதில் குற்றமில்லை. கடை ஆட்கள் ஒருவரும் வேலைக்கு இருக்கக் கூடாது. விலை சொல்லக் கூடாது. இது உழைக்கும், அது உளுத்துப்போகும் என்று காதில் போடக் கூடாது. வெளியிலிருந்து அமர்த்திய காவலாளி ஒருவன் மட்டும், யாரும் கட்டிலில் காலணியோடு ஏறாமல் பார்த்துக்கொள்வான்.

இம்கே அந்தக் கடையின் விற்பனைப் பெண். திங்கள் முதல் சனி வரை அதே தளத்தில் நின்று சோபாவும் கட்டிலும் விற்கிறவள். இன்று அவளுக்கு ஓய்வு நாள். ஓய்வு நாளில் அவள் மழைக்கோட்டும் கைப்பையுமாக வந்து, தான் விற்கும் பாசிப்பச்சை நிறச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நூறு இருக்கைகளுக்கு நடுவில் இத்தனை வருடம் நின்றே பழகியவள் அவள். விற்பவர்கள் சரக்கின் மேல் உட்காரக் கூடாது என்பது பழைய முதலாளி காலத்து விதி. "எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க" என்று கையால் அழுத்திக் காட்டலாம், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு, மறந்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்க வந்தவள், கால் வலித்ததால் இந்தச் சோபாவில் உட்கார்ந்தாள். கூரையில் வடகடல் மழை அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மனிதர்கள் நடந்தார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. சற்று நேரம் கழித்து, தான் எதையுமே நினைக்காமல் இருப்பதைக் கண்டு அவளுக்கே திடுக்கென்றது. யாருக்காவது ஏதாவது எடுத்து வைக்கவேண்டுமே என்ற நினைப்பு இல்லாத தன் மனம் எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை பார்த்ததே இல்லை. உள்ளே சாமான் இல்லாத ஒரு அறை. ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தாள்.

"நான் வேலை செய்யல, நெஜாத்தி. உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியும் அக்கா. அவருக்குத் தெரியணுமே."

நெஜாத்தி கண்ணால் காட்டினான். எதிர்வரிசையில், கால்பலகை நீளும் தோல் நாற்காலியில், மணல் நிற மழைச்சட்டை போட்ட ஒருவர் சாய்ந்திருந்தார். வழுக்கைத் தலை, சுத்தமாகச் சவரம் செய்த முகம். போன வாரமும் அங்கேதான் இருந்தார். அதற்கு முந்திய வாரமும்.

"யாரு அவரு?"

பதில் பின்னாலிருந்த துணி அலமாரியிலிருந்து வந்தது.

"திரும்பாதீங்க இம்கே. என்கிட்ட பேசற மாதிரி காட்டிக்காதீங்க."

முதலாளி எல்லர்புரோக்கின் குரல். அப்பாவுக்குப் பிறகு கடைக்கு வந்தவர். கடைக்கு மேலேயே குடியிருக்கிறார். ஞாயிறன்று தன் தலையும் கீழே தெரியக் கூடாது என்று, பின்படி வழியாக இறங்கி, நகரும் கதவு வைத்த அலமாரிக்குள் புகுந்திருந்தார்.

"அந்த ஆள் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்காரர். கிடங்குல ஏணி சரியில்லன்னு போன வருஷம் வந்து ஆட்டி வெச்சாரே, அவரேதான். என் விற்பனைப் பெண் ஞாயித்துக்கிழமை ஜிப்பு எங்க இருக்குன்னு சொல்றதை அவர் ரெண்டு காதாலயும் கேட்டுட்டாரு."

"நான் ஓய்வுலதானே இருக்கேன் முதலாளி?"

"ஓய்வுல இருக்கறவங்க வீட்டுல இருப்பாங்க!"

இம்கேவுக்கு அதற்குப் பதில் இருந்தது. அலமாரியிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.

"சரி, இனி வரல" என்று எழுந்தாள்.

"ஐயோ, உக்காருங்க!" அலமாரிக் கதவு அரை விரல் திறந்தது. "இப்ப நீங்க எழுந்து போனீங்கன்னா ஒளிச்சு வெச்சிட்டோம்னு ஆயிடும். அடுத்த வாரமும் வரணும். சாதாரணமா, பார்க்க வந்த ஆள் மாதிரி. கம்முனு இருக்கணும்."

"அப்போ அது டூட்டியா?"

"டூட்டியே இல்ல! உங்க சொந்த இஷ்டத்துல, கட்டாயமா வரணும்."

*

அடுத்த ஞாயிறு இம்கே தன் சொந்த இஷ்டத்தில் கட்டாயமாக வந்தாள்.

அதே சோபா, அதே பாசிப்பச்சை, கூரையில் அதே மழை. ஆனால் முதுகு சாயமாட்டேன் என்றது. வரவேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மெத்தை கூட எப்படிக் கல்லாகிவிடுகிறது என்று அவள் யோசித்தாள். ஓய்வு என்பது எங்கே உட்கார்கிறோம் என்பதில் இல்லை போலிருக்கிறது. எழுந்து போக முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

மனம் கொஞ்சம் அடங்கும் நேரத்தில் ஒரு குரல் தளம் முழுவதும் கேட்டது.

"அட! நீங்கதானே எங்களுக்கு அந்தக் கட்டிலைக் கொடுத்தது!"

டிர்க்ஸ் அம்மாள். காது மந்தம், ஊருக்கே கேட்கப் பேசுவாள்.

இம்கே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் இல்லீங்க. நானும் பாக்க வந்தவதான்."

"அதே மூக்கு!"

"எல்லாருக்கும் ஒரு மூக்குதானே."

"அப்போ உங்க கூடப்பிறந்தவளா? அவளைப் பாத்தா சொல்லுங்க, படுத்தாலே கட்டில் கிறீச்சு கிறீச்சுங்குது. எங்க வீட்டுக்காரர் வெளியே ஹால்ல போய்ப் படுக்கறார்."

இம்கே உதட்டைக் கடித்துப் பார்த்தாள். இருபது வருடப் பழக்கம் உதட்டைவிடப் பலமானது.

"இடது பக்கத்துப் போல்ட்டை மாசத்துக்கு ஒரு தடவை இறுக்கச் சொன்னேனே!"

மணல் நிறச் சட்டைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். இம்கேவைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"தூங்கறாரு" என்று நெஜாத்தி ஆறுதலாகச் சொன்னான்.

"தூங்கற மாதிரி நடிக்கறாரு" என்றது அலமாரி. "அப்படித்தான் பிடிப்பாங்க."

"இல்ல முதலாளி, கொஞ்சம் முன்னாடி போன் வந்துச்சு அவருக்கு. 'இல்ல, இன்னும் முடியல, இங்க நிறைய இருக்கு, லேட்டாகும்'னு சொல்லி வெச்சாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அலமாரிக்குள் ஒரு முனகல் கேட்டது. கோட் மாட்டும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசின.

"நிறைய இருக்காமா! அபராதம் போட்டு, பார்வை நாளையும் நிறுத்திட்டா இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டோம். ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். இம்கே, தனியா ஒரு பொம்பளை இவ்வளவு நேரம் சோபா பாப்பாளா? எல்லாருமே ஜோடியாத்தான் வருவாங்க. அடுத்த வாரம் உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

இம்கேவுக்கு முதல்முறையாக நிஜமாகவே பயம் வந்தது.

ஏனென்றால் அவள் வீட்டில் சொல்லியிருந்தது வேறு.

*

வீட்டு ஞாயிறு இப்படி. காலையில் பன்றிக்கறி வறுவல், உருளைக்கிழங்கு, சிவப்புக் கோஸ். பாத்திரம் கழுவி முடித்தால் மூன்று மணித் தேநீர். கணவன் ஃபோல்கெர்ட்டின் தம்பி ஹார்மும், ஹார்மின் மனைவி கிரேட்யேயும், கல்யாணமான முதல் ஞாயிறிலிருந்து மூன்று மணிக்கு வருகிறார்கள். கோப்பையில் கற்கண்டு போட்டு, அது வெடிக்கும்படி சூடாகத் தேநீர் ஊற்றி, ஓரமாகப் பாலேட்டை இறக்க வேண்டும். கலக்கக் கூடாது. குறைந்தது மூன்று கோப்பை. போதும் என்பவர் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிடுவார். வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பது வீட்டுக்காரியின் கடமை. ஹார்ம் பேச்சு சுவாரசியத்தில் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பான். ஃபோல்கெர்ட் சோபாவில் நீட்டிப் படுத்தபடி கோப்பையை மட்டும் நீட்டுவான்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவர்களாக இருந்தால் ஒருநாள் கத்தியிருக்கலாம்.

அதனால்தான் அவள் ஒருநாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமையும் டூட்டி போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு லேசாகப் பொய் சொல்ல வரும் என்று அவளுக்கே தெரியாது.

கணவனை எப்படிக் கடைக்கு அழைப்பது என்று யோசித்துக்கொண்டே அந்த வாரம் முழுவதும் போனது. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ஃபோல்கெர்ட்டே பேச்சை எடுத்தான். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் கொடி பிடித்தவன்.

"இன்னிக்கு மத்தியானம் போன் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"ஆய்வு அலுவலகத்துக்கு. ஒரு மெஷின்தான் பேசுச்சு. பரவாயில்ல, மெஷின்கிட்ட முழுசா சொல்லிட்டேன். கடைப் பேரு, முதலாளி பேரு, உன் பேரு. வாரத்துல ஒரு நாள் ஓய்வு சும்மா கிடைச்சதா? எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அடிபட்டு வாங்கினது. அதை ஒரு சோபாக்காரன் சுருட்டிட்டுப் போவானா?"

இம்கேவின் கையிலிருந்த கத்தி வெண்ணெயில் செங்குத்தாக நின்றது.

"வாபஸ் வாங்கிரு, ஃபோல்கெர்ட்."

"பாரு, பயப்படறே. இப்படித்தான் பயமுறுத்தி வெச்சிருப்பாங்க. கப்பல் தளத்துல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"யாரும் பயமுறுத்தல. எனக்கு... அந்த வேலை கஷ்டமா இல்ல."

"அதுவும் சொல்வாங்க. கஷ்டமா இல்லம்பாங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கும்." அவன் உண்மையான பரிவோடு அவளைப் பார்த்தான். "நீ ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து எவ்வளவு நாளாச்சு? போன வாரம் நானே டீ போட்டேன். ஹார்ம் ஒரு வாய் குடிச்சிட்டு, 'இது என்ன, ஆத்துத் தண்ணியா'ங்கறான். உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சு சட்டியோட போச்சு. இதான் முதலாளித்துவம்."

அவளுக்கு அந்த நொடியே சொல்லிவிடலாம் என்றிருந்தது. வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் எப்படிச் சொல்வது? உன் பக்கத்தில் இருப்பதைவிட ஒரு கடையில் இருப்பது எனக்கு ஓய்வு என்றா? அப்படிச் சொன்னால் அது அவன்மேல் வைத்த புகார் ஆகிவிடும். அவள் யார்மேலும் புகார் சொல்ல நினைத்ததில்லை. கொஞ்ச நேரம் உட்கார நினைத்தாள், அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு கடை மூடுகிற நிலைமை வரும் என்று யார் கண்டது?

"இந்த வாரம் நீ தனியாப் போகாதே" என்றான் ஃபோல்கெர்ட். "பின்னாடியே நாங்களும் வர்றோம்."

*

வந்தார்கள். ஃபோல்கெர்ட், ஹார்ம், கிரேட்யே. ஹார்ம் கையில் பெரிய பிளாஸ்க். கிரேட்யேயின் கூடையில் கோப்பைகள், கற்கண்டு, பாலேடு, ஆப்பிள் கேக், ஒரு மேசைவிரிப்பு.

"நீ இங்க நிக்க, நாங்க அங்க உக்காந்து குடிச்சா தொண்டையில இறங்குமா சொல்லு?" என்றாள் கிரேட்யே. "அதான் டீயையே இங்க கொண்டுவந்துட்டோம்."

சொன்னவள், விலைச்சீட்டு தொங்கிய கண்ணாடி மேசைமேல் விரிப்பை விரித்தாள். ஹார்ம் பாசிப்பச்சைச் சோபாவின் மூலையில் சரிந்தான். கிரேட்யே பிளாஸ்கை இம்கேவிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்திரு. உன் கைப்பதம் யாருக்கும் வராது."

கை வாங்கிக்கொண்டது. இம்கே பார்த்துக்கொண்டே இருந்தாள், கை தன்பாட்டில் ஊற்றியது. கற்கண்டு வெடித்தது. பாலேடு மேகமாக எழும்பியது. எவ்வளவு தூரம் ஓடிவந்தாலும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே இந்தத் தேநீர் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"டீ இலவசமா?" என்று கேட்டபடி ஒரு பெரியவர் நின்றார்.

"இல்லீங்க, இது..."

"காபி கிடையாதா?" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். வரிசை கண்ட இடத்தில் நிற்பது இந்த ஊர் வழக்கம்.

நெஜாத்தி தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, இப்ப ஹோட்டலும் ஆரம்பிச்சாச்சா?"

அலமாரிக் கதவு தடாலென்று நகர்ந்தது. கழுத்தில் ஒரு கோட் கம்பியோடு முதலாளி எல்லர்புரோக் வெளியே விழுந்தார். வீட்டுக் காற்சட்டையும் கம்பளிச் செருப்புமாக இருந்தார்.

"நிறுத்துங்க! யாரு நீங்கல்லாம்?"

"நான் இவளோட புருஷன்" என்று ஃபோல்கெர்ட் எழுந்தான். பழைய கூட்டங்களின் குரல் அவனுக்குத் திரும்பியிருந்தது. "நீங்கதான் முதலாளியா? அலமாரிக்குள்ள ஒளிஞ்சு நின்னு வேலை வாங்கறீங்க! வாசல்ல 'ஆலோசனை இல்லை, விற்பனை இல்லை'ன்னு எழுதியிருக்கீங்களே, 'ஓய்வு இல்லை'ன்னு எழுத மறந்துட்டீங்களா?"

"யாருக்கு ஓய்வு இல்ல? ஞாயித்துக்கிழமை நான் ஒருத்தரையும் வேலைக்குக் கூப்பிடறதில்ல!"

"ரெண்டு மாசமா வர்றாளே!"

"அவங்களா வர்றாங்க! நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அப்புறம் வரச் சொன்னேன், ஆனா அது வேற."

ஃபோல்கெர்ட் திரும்பி இம்கேவைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கையில் பிளாஸ்க் கனத்தது. அவள் அதை மேசைமேல் வைத்தாள்.

"டூட்டி இல்ல, ஃபோல்கெர்ட். நான் பொய் சொன்னேன். இங்க வந்து உக்காந்திருக்கேன்."

"உக்காந்து?"

"உக்காந்து... ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மா உக்கார நம்ம வீட்டுல சோபா இல்லையா?"

"இருக்கு. நீ அதுல படுத்திருக்கே."

ஹார்ம் பக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு கேக்கைப் பார்த்தான்.

ஃபோல்கெர்ட்டின் முகத்தில் கோபம் வரும் என்று இம்கே காத்திருந்தாள். வரவில்லை. கூட்டல் கணக்கில் ஒரு எண்ணை விட்டுவிட்டவன் மறுபடி மேலிருந்து கூட்டுவதுபோல அவன் உதடுகள் மெதுவாக அசைந்தன.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? யார்மேலன்னு சொல்ல? நீ கொடி பிடிச்சதெல்லாம் முதலாளிகளுக்கு எதிரா. நம்ம வீட்டுல முதலாளி யாரு? ஒருத்தரும் இல்லையே. வேலை மட்டும்தானே இருக்கு."

கிரேட்யே தன் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். பிறகு கை நீட்டி, ஹார்மின் விரல்களிலிருந்து அவன் கரண்டியையும் பிடுங்கி அவன் கோப்பைக்குள் போட்டாள்.

"தள்ளி உக்காரு" என்றாள் அவனிடம். காலணிகளை உதறிவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு, இம்கே. இத்தனை நாள் எனக்கு ஏன் சொல்லல?"

ஃபோல்கெர்ட் தொண்டையைச் செருமினான். "எத்தனை மணிக்கு வேலை முடி..." நிறுத்திக்கொண்டான். "எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?"

"கடை சாத்தும்போது."

"சரி. நான் போய் உருளைக்கிழங்கை வேக வைக்கறேன். தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

"முழுகற அளவுக்கு."

"ஆலோசனை!" என்று முதலாளி அலறினார். பிறகு, தான் எதற்கு அலறினோம் என்று அவருக்கே புரியவில்லை. நாற்காலியில் விழப் போனவர், சரக்கு என்பது நினைவு வந்து நின்றுகொண்டார்.

"போனும் பண்ணிட்டேனே" என்று ஃபோல்கெர்ட் தலையைச் சொறிந்தான். "ஆய்வு அலுவலகத்துல புகார் குடுத்துட்டேன்."

முதலாளியின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. எல்லோருடைய கண்களும் ஒரே நேரத்தில் தோல் நாற்காலியின் பக்கம் திரும்பின.

மணல் நிறச் சட்டைக்காரர் அங்கேயே இருந்தார். இத்தனை கூச்சலிலும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்குள் இன்னும் ஆழமாக அமிழ்ந்து, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசறேன் முதலாளி" என்றாள் இம்கே.

தளத்தைக் கடந்து நடந்தபோது அவளுக்கு வியப்பாக இருந்தது. வேலை போய்விடலாம். இந்தச் சோபாவும் இனி கிடையாது. கடையில் அவளோடு நிற்கிற மற்றப் பெண்களின் வேலைக்கும் அவள்தான் காரணம் ஆகிவிடுவாள். ஆனாலும் மனதுக்குள் அந்த ஜன்னல் திறந்தேதான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்ட வாய் இன்னொரு முறை சொல்லத் தயங்கவில்லை.

"சார், நீங்க தொழிலாளர் ஆய்வு அலுவலகம்தானே?"

அவர் கண்ணைத் திறந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "ஆமாம்" என்றார், ஏதோ ஒத்துக்கொள்ளக் கூடாததை ஒத்துக்கொள்கிறவர் போல.

"அப்போ தயவுசெஞ்சு கேட்டுக்கங்க. இந்தக் கடை என்னை ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டதே இல்ல. என்னால வீட்டுல உக்கார முடியல. அதனால ஞாயித்துக்கிழமை டூட்டின்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து உக்காந்தேன். எங்க வீட்டுக்காரர் அதை நம்பிப் புகார் குடுத்துட்டார். தப்பு என்னோடது. கடையை ஒண்ணும் பண்ணாதீங்க."

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. அந்தப் பக்கம் கட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மனிதர் பதறிப்போய்க் கால்பலகையை இறக்கினார். அப்போதுதான் இம்கே கவனித்தாள், அவர் காலணிகள் நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அம்மா, அம்மா. எங்க ஆபீஸ் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போனைக்கூட யாரும் எடுக்கறதில்ல. எங்களுக்கும் வாரத்துல ஓய்வு உண்டு, சட்டம்தானே."

"அப்போ நீங்க வாராவாரம் இங்க..."

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. எங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும், நான் இந்நேரம் இந்தக் கடையைத்தான் சோதனை போட்டுக்கிட்டு இருக்கேன்."